கேபின் ஜன்னல்: பட்டாளத்தில் ஒரு ஸ்திரீ பார்ட்

போன இதழில், பிரிட்டனில் படங்கள் பேச ஆரம்பித்த காலத்துப் பட்டாள நகைச்சுவை ஒன்றைப் பற்றி நான்கே வரி எழுதியிருந்தேன். 1929இல் வந்த 'ஸ்பிளிண்டர்ஸ்' என்ற படம். பிரான்சு நாட்டுப் போர்முனையில் சிப்பாய்களே சேர்ந்து ஆட்டபாட்டக் குழு அமைத்த கதை என்று சொல்லி முடித்துவிட்டேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சள் பை நிறைய இருக்கின்றன. இருபத்தெட்டு வருடம் படம் ஓட்டியவன் நான். எம்.ஜி.ஆர். படப்பெட்டி வராத நாளில்கூட ஜனம் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை. இந்த மாதம் முழுக்கப் பட்டாளம்தான். பிள்ளைக்கு வரன் அமையுமா என்று கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுக்கவும். அதற்கு நான் ஆளும் இல்லை.

கேள்வி: சிப்பாய்களே நாடகம் போட்டார்கள் என்றால், கதாநாயகிக்கு எங்கே போனார்கள்? குண்டு விழுகிற இடத்துக்கு எந்தப் பெண்பிள்ளை போவாள்?
*(ஓர் ஆச்சி, தேவகோட்டை)*

பதில்: எங்கும் போகவில்லை, ஆச்சி. படைக்குள்ளேயே முகவாகு சரியாக இருந்தவனைப் பிடித்து, சவரம் செய்து, பாவாடையைக் கட்டிவிட்டார்கள். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் ஸ்திரீ பார்ட்.

இது சினிமாவுக்காகக் கட்டிய கதையன்று. முதல் உலகப் போரில், 1915இல், பிரான்சில் நின்ற பிரிட்டனின் முதலாம் ராணுவத்தில் அப்படி ஒரு குழு உண்மையாகவே இருந்தது. 'லே ரூழ் ஏ நுவார்' என்று பிரெஞ்சில் பெயர். சிவப்பும் கறுப்பும் என்று பொருள். பதுங்குகுழியில் முறை முடித்துச் சேறும் பேனுமாகப் பின்னுக்கு வந்த ஆட்களுக்குப் பாட்டு, ஆட்டம், கிண்டல். போர் முடிந்ததும் கலைந்துபோகாமல், 'ஸ்பிளிண்டர்ஸ்' என்ற பெயரில் இங்கிலாந்து மேடைகளில் ஆடிச் சம்பாதித்தார்கள். குண்டு வெடித்தால் தெறிக்குமே இரும்புச் சில்லு, அதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். ஆளைக் கொல்கிற பொருளின் பெயரை எடுத்துத் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள். குழுவில் பெண் வேடத்துக்குப் பேர்போனவர் ரெக் ஸ்டோன். சிரிப்புக்கு ஹால் ஜோன்ஸ்.

அந்தக் குழு பிறந்த கதையைத்தான் ஹெர்பர்ட் வில்காக்ஸ் தயாரிக்க, ஜாக் ரேமண்ட் படமாக எடுத்தார். நெல்சன் கீஸ், சிட்னி ஹோவர்ட், லூ லேக் மூவரும் நடித்தார்கள். நெல்சன் கீஸ் மேடையில் ஊறிய குள்ளமான மனிதர். சிட்னி ஹோவர்ட் யார்க்ஷயர்க்காரர், பருத்த உடம்பு. இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலே பாதிச் சிரிப்பு வந்துவிடும். படம் நன்றாகப் போனதால் 1931இல் அதையே கடற்படைக்குக் கொண்டுபோனார்கள், 1937இல் விமானப்படைக்கு. மூன்றிலும் சிட்னி ஹோவர்ட் உண்டு. தரை, கடல், ஆகாயம் மூன்றும் தீர்ந்துவிட்டதால் நிறுத்தினார்கள் என்று நினைக்கிறேன்.

ஆண் பெண் வேடம் கட்டுவது நமக்குப் புதிதா? சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் சீதையும் பையன், சூர்ப்பனகையும் பையன். சிவாஜி முதலில் கட்டியதே சீதை வேடம். டி.கே. சண்முகம் கிழவி வேடம் போட்டு 'அவ்வை' என்ற பட்டத்தையே பெயருக்கு முன்னால் வாங்கிக்கொண்டார். எனக்கு எட்டு வயது இருக்கும். கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு கிராமத்துத் திருவிழாவில் வள்ளி திருமணம். வள்ளியாக வர வேண்டிய நடிகை பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். ஊர்க்காரர்கள் முன்பணத்தைத் திரும்பக் கேட்டுவிடுவார்களே என்று, ஆர்மோனியக்காரரின் தம்பியை வள்ளியாக்கினார்கள். நான் தட்டிப் படலின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொசுவத்தைத் தொடைக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு சுருட்டை அவசர அவசரமாக இழுத்து முடித்தார். மிச்சத்தைக் காதுக்குப் பின்னால், கனகாம்பரத்துக்குள் செருகினார். திரை விலகியது. 'ஆலோலம்' என்று இழுத்தார் பாருங்கள், எங்கள் அப்பத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூவுக்குள் புகைகிறது என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை.

அந்தப் பிரெஞ்சுக் கொட்டகையிலும் இப்படித்தான் இருந்திருக்கும். எதிரே இருப்பவன் நேற்றுவரை தன்னோடு மண் வெட்டியவன் என்று தெரியும். தெரிந்துகொண்டேதான் பார்த்தார்கள்.

கேள்வி: லட்சக்கணக்கானவர்கள் செத்த போரைப் பத்தே வருடத்தில் சிரிப்புப் படமாக்கியது மனசாட்சி இல்லாத வேலையல்லவா?
*(கல்லூரி மாணவர், காரைக்குடி)*

பதில்: தம்பி, கோபம் நியாயமானது. பிரிட்டிஷ் பேரரசின் கணக்கில் மட்டும் சுமார் 9 லட்சம் பேர் மாண்டார்கள். ஆனால் அதே சமயத்தில் அழுகைக்கும் குறைவில்லை. பதுங்குகுழி அதிகாரிகளின் கடைசி நாட்களைச் சொல்லும் 'ஜர்னிஸ் எண்ட்' நாடகம் லண்டனில் மேடையேறியது 1928 டிசம்பரில். ஜெர்மன் சிப்பாயின் வேதனையை எழுதிய ரெமார்க்கின் நாவல் நூலாக வந்தது 1929இல். அதே 1929இல்தான் நம் பாவாடை கட்டிய பட்டாளமும். பத்து வருடம் வாய் திறக்காமல் இருந்தவர்கள் எல்லோருமே ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். சிலருக்கு அழுகை வந்தது, சிலருக்குச் சிரிப்பு வந்தது.

யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். என் தகப்பனார் ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் சமையல்காரராக இருந்தவர். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது அரக்கான் மலைப்பாதை வழியாக நடந்தே வந்து சேர்ந்தார். வழியில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கடைசிவரை சொன்னதில்லை. எத்தனை முறை கேட்டாலும் ஒரே ஒரு கதைதான். கூட வந்த கடைக்கணக்கர், செருப்பைத் தொலைத்தார், குடையைத் தொலைத்தார், பேரேட்டை மட்டும் தலைமேல் சுமந்து வந்தாராம். மலைமேட்டில், எதிரே காய்ச்சலோடு உட்கார்ந்திருந்த ஒருவரை உற்றுப் பார்த்தார். கடை வாடிக்கைக்காரர், பாக்கி உள்ளவர். கணக்கர் அங்கேயே ஒரு பாறைமேல் பேரேட்டை விரித்துப் பக்கத்தைத் தேட ஆரம்பித்துவிட்டாராம். அவரும் சளைக்காமல், 'போன ஆனிக்கு வட்டி கட்டியாயிற்றே, பாருங்கள்' என்று எட்டிப் பார்த்தாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவுக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு வரும். அவரைப் போய் மனசாட்சி இல்லாதவர் என்று நான் சொல்ல முடியுமா? அந்தப் பாதையில் நடக்காத ஒருவர் அதே கதையைச் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

எனக்கு வேறொரு குறை உண்டு. 1915 மார்ச்சில் நியூவ் ஷாப்பெல் என்ற ஊரில் நடந்த சண்டையில் இந்தியப் படையும் நின்றது. எந்த முதலாம் ராணுவத்தில் இந்த ஆட்டக்குழு பிறந்ததோ, அதே ராணுவத்தின் கீழ்தான். அந்த ஊரில் 1927இல் திறந்த நினைவுச் சின்னத்தில் 4,700 பெயர்களுக்கு மேல் பொறித்திருக்கிறார்கள். அந்தக் குளிரில், அந்தச் சேற்றில் அவர்களும் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பார்கள். அது யார் காதிலும் விழவில்லை.

கேள்வி: சார்லி சாப்ளினும் சிப்பாயாக நடித்திருக்கிறாரே, அதை விட்டுவிட்டீர்களே?
*(வாசகர், பள்ளத்தூர்)*

பதில்: விடவில்லை. 'ஷோல்டர் ஆர்ம்ஸ்' 1918 அக்டோபரில் வந்தது. போர் முடியச் சுமார் மூன்று வாரம் இருந்தது. சாப்ளின் லண்டன்காரர், படம் அமெரிக்கப் படம், அதிலும் ஊமைப் படம். நம் பேச்சு பிரிட்டிஷ் பேசும்படத்தைப் பற்றியது. ஆனாலும் தைரியத்துக்கு அவருக்குத்தான் முதல் மார்க்.

கேள்வி: முதல் பேசும்படங்களில் ஒலி சரியாகவே இருக்காதாமே? நீங்கள் ஆபரேட்டர் என்பதால் கேட்கிறேன்.
*(ஓய்வுபெற்ற தபால்காரர், புதுவயல்)*

பதில்: இதைத்தான் நான் எதிர்பார்த்துக் கொண்டிருந்தேன்.

ஆரம்பத்தில் இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஒலி தனியாக இசைத்தட்டில். படம் தனியாகச் சுருளில். 16 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் அல்ல, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்குமான சுற்று. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும். நடுவில் பிலிம் அறுந்தால் தொலைந்தோம். அறுந்த இடத்தை வெட்டி ஒட்டினால் படம் குறையும், தட்டு குறையாதே. அதற்காக, போன பிரேம்களுக்கு, அதாவது பிலிமில் உள்ள தனித்தனிப் படங்களுக்கு ஈடாக அதே எண்ணிக்கையில் கறுப்புப் பிலிமை எண்ணி ஒட்டுவார்கள். இரண்டாவது வழி, பிலிமின் ஓரத்திலேயே ஒலியை ஒரு பட்டையாக அச்சிடுவது. அதுதான் நிலைத்தது. நான் ஓட்டியதும் அதுதான்.

படப்பிடிப்பு அதைவிடப் பாடு. கேமரா போடும் சத்தம் மைக்கில் விழுமே என்று, கேமராவையும் கேமராக்காரரையும் கண்ணாடி வைத்த ஒரு பெட்டி அறைக்குள் அடைத்துக் கதவைச் சாத்துவார்கள். உள்ளே வெந்து வெளியே வருவார். அதே 1929இல் ஹிட்ச்காக் எடுத்த 'பிளாக்மெயில்' படத்தில் நாயகி அன்னி ஓன்ட்ராவுக்குச் செக் நாட்டு உச்சரிப்பு. லண்டன் பெண்ணாக நடிக்க ஒத்துவராது. பின்குரல் சேர்க்கும் வசதி அப்போது இல்லை. என்ன செய்தார்கள்? அவர் வாயை மட்டும் அசைத்தார். கேமராவின் பார்வைக்கு வெளியே நின்றுகொண்டு ஜோன் பாரி என்ற நடிகை பேசினார். நம் பக்கத்திலும் 1938இல் ஏவி.எம். செட்டியார் 'நந்தகுமார்' படத்தில் பாட்டுக்கு வேறொருவர் குரலைச் சேர்த்தார். பிற்பாடு அதே காரைக்குடிக்காரர் தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகை போட்டு 'நாம் இருவர்' எடுத்தாரே, அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்குக் காக்கை ஞாபகம் வரும். அந்தக் காலத்தில் திறந்தவெளியில், வெயில் வெளிச்சத்தில் ஒலியோடு படம் எடுத்தவர்களுக்குக் காக்கைதான் பெரிய எதிரி. விரட்டுவதற்கென்றே துப்பாக்கியோடு ஆள் வைத்திருந்தார்களாம். அதுவும் ஒருவகைப் பட்டாளம்தான்.

நகைச்சுவைக்கு இன்னொரு தொல்லை. மேடை நடிகர் ஒரு வரி சொல்லிவிட்டுச் சிரிப்பு அடங்கும் வரை நிற்பார். ஸ்டூடியோவில் சிரிக்க ஆள் இல்லை. சிரித்தால் மைக்கில் விழும். எவ்வளவு நேரம் நிற்பது? குத்துமதிப்புதான். குறைவாக நின்றால் கொட்டகைச் சிரிப்பில் அடுத்த வரி முங்கிப்போகும். அதிகம் நின்றால் கல்யாண வீட்டில் பாட்டை மறந்தவர் மாதிரி இருக்கும். அந்தக் காலத்துச் சிரிப்புப் படங்கள் இன்று இழுவையாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இப்போது என் வண்டவாளம். பெயர் சொல்ல வேண்டாத ஒரு டூரிங் கொட்டகை. பிலிமில் ஒலி, அதற்குரிய படத்துக்கு இருபது பிரேம் முன்னால் அச்சாகியிருக்கும். ஏனென்றால் படம் காட்டும் வாசலைத் தாண்டி, கீழே இருபது பிரேம் தள்ளித்தான் ஒலி படிக்கும் பல்பு இருக்கிறது. நடுவில் பிலிமை எவ்வளவு தொங்கவிட்டு மாட்டுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். அன்று நான் ஆறு பிரேம் கூடுதலாகத் தொங்கவிட்டுவிட்டேன். வினாடிக்கு இருபத்து நான்கு பிரேம் ஓடும்; ஆறு பிரேம் என்பது கால் வினாடி. பேச்சுப் படத்தில் பாதிப்பேர் கவனிக்க மாட்டார்கள். அன்று ஓடியதோ நியூஸ் ரீல், டில்லியில் குடியரசு தின அணிவகுப்பு. பட்டாளம் நிமிடத்துக்கு 120 அடி வைக்கிறது, அதாவது பன்னிரண்டு பிரேமுக்கு ஓர் அடி. கால் மேலே போகும்போது சத்தம், பூட்ஸ் தரையைத் தொடும்போது நிசப்தம். மணல் குவித்து உட்கார்ந்திருந்த தரை டிக்கெட் முழுக்கச் சிரிப்பு. ஒருவர் எழுந்து நின்று, காலைத் தூக்கி அந்தரத்தில் வைத்துக்கொண்டு வாயால் 'டக்' என்றார். முதலாளி கேபின் படியேறி வந்தார். அன்றைய படிக்காசை வெட்டிவிட்டார்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறுக்குப் பதில் பன்னிரண்டு பிரேம் தப்பியிருந்தால், வலது கால் சத்தம் இடது காலுக்குப் பொருந்தி, ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தப்புச் செய்வதானாலும் முழுசாகச் செய்திருக்க வேண்டும்.

கேள்வி: முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் ஒரு பித்தளைப் பொத்தான் வாங்கினேன். இடப்பக்கம் சிங்கம், வலப்பக்கம் கொம்புக் குதிரை, மேலே மகுடம். வெள்ளைக்காரப் பட்டாளத்துப் பொத்தான் என்றார் கடைக்காரர். உண்மையா? என்ன விலை பெறும்?
*(வாசகி, கானாடுகாத்தான்)*

பதில்: உண்மையாகத்தான் இருக்க வேண்டும். சிங்கமும் கொம்புக் குதிரையும் பிரிட்டிஷ் அரச இலச்சினை; பொதுப் பட்டாளச் சட்டைப் பொத்தானில் அதுதான் இருக்கும். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், செய்த கம்பெனியின் பெயர் வட்டமாகப் பொறித்திருக்கலாம். பர்மிங்காம் என்று ஊர் பெயர் தெரிந்தால் இன்னும் நல்லது. மகுடத்தின் வளைவையும் கவனியுங்கள். எலிசபெத் ராணி காலத்துப் பொத்தான் என்றால் வளைவின் நடு சற்றுக் குழிந்திருக்கும். விலை கேட்காதீர்கள். கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளிய சாமான் அது. பர்மாத் தேக்குத் தூணையே எடை போட்டு வாங்கிய தெரு, உங்களிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்பதை வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இருப்பது நல்லது.

ஆனால் தேய்க்கும்போது கவனம். ஏன் என்கிறேன் என்றால், இந்தப் பொத்தானை வைத்தே ஒரு பட்டாள நகைச்சுவை உண்டு. 'ஆல்ஃப்ஸ் பட்டன்'. டபிள்யூ.ஏ. டார்லிங்டன் 1919இல் எழுதிய கதை. 1920இல் ஊமைப் படமாக வந்தது, 1930இல் டப்பி எட்லின் நடிக்கப் பேசும்படமாக வந்தது. அலாவுதீனின் அற்புத விளக்கு எங்கோ பழைய பித்தளையோடு பித்தளையாகக் கலந்து, உருகி, ஆல்ஃப் என்ற சாதாரணச் சிப்பாயின் சட்டைப் பொத்தானாகிவிடுகிறது. அவன் அதைத் தேய்க்கிறான். பூதம் வந்து நிற்கிறது.

இதில் நான் ரசிப்பது பூதத்தை அல்ல, தேய்ப்பை. அந்தக் காலப் பட்டாளத்தில் பொத்தான் தேய்ப்பதுதான் தினசரித் தண்டனை. பளபளக்காவிட்டால் சார்ஜண்ட் கத்துவார். துணியில் கறை படாமலிருக்க, நடுவில் நீளப் பிளவு உள்ள ஒரு பித்தளைத் தகட்டைப் பொத்தான் வரிசைக்கு அடியில் நுழைத்து, மேலே மெருகு மருந்து தடவித் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவு பேரும் மனதுக்குள் ஏதாவது ஆசைப்பட்டுக்கொண்டுதானே தேய்த்திருப்பார்கள்? ஒரு வாய் நல்ல சாப்பாடு, ஒரு நாள் லீவு. டார்லிங்டனும் அந்தப் போரில் இருந்தவர். தேய்ப்பை அறிந்தவர்தான் அதை எழுதினார். பொத்தானை விட்டுவிட்டு மோதிரம், கத்தி என்று வேறு எதை வைத்திருந்தாலும் கதை படுத்திருக்கும். பூதத்துக்கு ஆல்ஃப் வைக்கும் பெயர் யூஸ்டஸ். ஆயிரத்தோரு இரவுப் பூதத்தை அடுத்த வீட்டுப் பையன் மாதிரி கூப்பிடுகிறான்! 1938இல் இதையே கடற்படைக்கு மாற்றி மறுபடி எடுத்தார்கள். அதில் பூதம் அலஸ்டேர் சிம். நம் ஊரில் 1979இல் கமலும் ரஜினியும் சேர்ந்து நடித்த அலாவுதீனை நானே ஓட்டியிருக்கிறேன். அதில் விளக்கு விளக்காகவே இருந்தது.

கேள்வி: தமிழில் ஏன் இப்படிப் பட்டாள நகைச்சுவை வளரவில்லை?
*(வாசகர், திருப்பத்தூர்)*

பதில்: போர் நமக்குக் கடல் கடந்த செய்தியாகவே வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்டதுதான் முதல் உலகப் போரில் நாம் நேரில் கண்டது. அதற்கு நாம் என்ன செய்தோம்? அகராதியில் சேர்த்துக்கொண்டோம். 'அவன் சரியான எம்டன்' என்கிறோம். என்னைக் கேட்டால் அதைவிடச் சுருக்கமான பட்டாள நகைச்சுவை எந்த மொழியிலும் இல்லை.

இரண்டாம் போரில் பிலிம் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. நிமிடத்துக்கு 90 அடி என்று கணக்குப் பார்த்தால் இரண்டு மணி நேரமும் இரண்டு நிமிடமும். அதற்குள் போர்ப் பிரசாரமும் வேண்டும். மாடர்ன் தியேட்டர்ஸ் 1945இல் 'பர்மா ராணி' எடுத்தது. பர்மாவில் கடையையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு வந்த செட்டிநாட்டில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்க யாருக்கு வாய் வந்திருக்கும்?

கேள்வி: உங்களிடம் அப்படி ஒரு பொத்தான் இருக்கிறதா? தேய்த்துப் பார்த்ததுண்டா?
*(பள்ளி மாணவி, கண்டனூர்)*

பதில்: இருக்கிறது, பாப்பா. அப்பாவின் தகரப் பெட்டியில் கிடந்தது. ரங்கூனில் யாரிடம் வாங்கினாரோ. இந்தப் பதில்களை எழுத உட்காருமுன் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தேன். கட்டைவிரல் சிவக்கும் வரை தேய்த்தேன். வந்தது பூதமல்ல, என் வீட்டுக்காரி. தேய்க்கிற கையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், பேத்தி கல்யாணத்தில் சாமான் பரப்ப எடுத்துவைத்த பித்தளைத் தூக்கு நான்கையும் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்று முடிந்திருக்கிறது.